இரவுக் கிளி

கிளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவது யாது? பச்சை மேனி, சிவந்து வளைந்த அலகு, மாலை வேளையில் தோப்புகளின் மேலே ஆரவாரம் செய்துகொண்டு அம்புபோல் பாய்ந்து செல்லும் கூட்டம். கிளி பறப்பதில் வல்லது, பகலில் இரை தேடுவது, சுற்றத்தோடு வாழ்வது. இம்மூன்று இயல்புகளுள் ஒன்றுகூட இல்லாத கிளி ஒன்று இவ்வுலகில் இருக்கிறது என்றால் மாணவர்கள் வியப்படையக் கூடும். அக்கிளி பறப்பதில்லை, பகல் முழுவதும் ஒடுங்கியிருந்து இரவில் நடமாடுகிறது, தன்னந்தனியே வாழ்கிறது. அதன் தாயகம் தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூசீலந்து. அந்நாட்டின் பழங்குடியினராகிய மாவோரி மக்கள் அதனைக் ‘காகாபோ’ என்று அழைக்கின்றனர்.

இப்பெயரைக் கேட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பர். வகுப்பில் நான் இதனைச் சொன்ன ஒவ்வொரு முறையும், பின்வரிசையிலிருந்து எவனேனும் ஒருவன் காக்கையை விரட்டுவதுபோல் கையை வீசத் தவறியதில்லை. மாவோரி மொழியில் ‘காகா’ என்றால் கிளி. ‘போ’ என்றால் இரவு. ஆகவே காகாபோ என்பது காரணப் பெயரே. ‘இரவுக் கிளி’ என்பது அதன் பொருள்.

கிளியினத்தில் இதனைவிடக் கனமான பறவை இல்லை. நன்கு வளர்ந்த ஆண் ஒன்று 4 கிலோகிராம் வரை நிறை கொள்வதுண்டு. நீளம் ஏறத்தாழ இரண்டடி. பாசி படர்ந்த பாறையின் நிறத்தை ஒத்த பசுமையான இறகுகள். அவற்றின் மேல் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளிகளும் கோடுகளும். முகம் ஆந்தையின் முகத்தைப்போல் வட்டமாக இருக்கும். அலகைச் சுற்றிப் பூனையின் மீசையைப் போன்ற மெல்லிய இறகுகள் முளைத்திருக்கும். இரவில் தலையைத் தாழ்த்தி நடந்து செல்லும்போது இவற்றால் தரையைத் தடவி அறிந்துகொண்டு செல்லும் என்று கருதுகின்றனர். சிறகுகள் சிறியன. ஆயினும் அவை வீண் அல்ல. இப்பறவை மரம் ஏறுவதில் வல்லது. அலகாலும் நகங்களாலும் பற்றிப் பற்றி உயர்ந்த மரங்களின் உச்சிக்கும் சென்றுவிடும். இறங்கும்போது சிறகுகளை விரித்துக்கொண்டு குதிக்கும். அப்போது அவை குடைபோல் அதன் வீழ்ச்சியைத் தணிக்கும்.

சிறகு இருந்தும் பறக்காத பறவை எவ்வாறு தோன்றிற்று? இவ்வினாவிற்கு நான் ஒரு காலத்தில் தவறான விடை கூறியிருக்கிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. “பயன்படுத்தாத உறுப்பு தேய்ந்து போகும், இப்பறவை சோம்பலால் பறவாதிருந்தது, ஆதலால் சிறகு சுருங்கிவிட்டது” என்று கரும்பலகையின் முன் நின்று கம்பீரமாகக் கூறினேன். ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, எங்கள் வீட்டுக் கிளிக்குச் சிறகை வெட்டி வைத்திருக்கிறார்கள். அது குஞ்சு பொரித்தால் குஞ்சுக்குச் சிறகு சிறியதாக இருக்குமா?” என்று கேட்டான். கிளியைக் கூண்டில் வைத்துச் சிறகு வெட்டுவது அக்காலத்தில் பல வீடுகளில் கண்ட கொடுமை. நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றேன். அவனுடைய வினா எனக்கு விளங்காமல் இல்லை. விடைதான் என்னிடம் இல்லை.

சரியான விடையை இப்போது கூறுகிறேன். பறத்தல் மிகுந்த செலவுள்ள தொழில். அதற்குப் பருத்த மார்புத் தசைகள் வேண்டும். அத்தசைகளைத் தாங்கிப் பிடிக்க மார்பெலும்பில் படகின் அடிக்கட்டை போன்ற ஓர் உயர்ந்த முகடு வேண்டும். இவ்வளவையும் இயக்க இடைவிடாது உணவு வேண்டும். தரையில் பகைவர் உள்ள நாட்டில் இச்செலவு உயிரைக் காப்பதற்குக் கொடுக்கும் விலை. தரையில் பகைவர் இல்லாத நாட்டிலோ அது வீண் செலவு. அத்தகைய நாட்டில், இயற்கையாகவே சற்றுச் சிறிய தசையோடு பிறந்து, மிஞ்சிய உணவைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கும் பறவை பஞ்ச காலத்திலும் பிழைக்கும். மிகுதியான குஞ்சுகளை விட்டுச் செல்லும். இவ்வாறு எண்ணற்ற தலைமுறைகள் கழிந்தபின் பறவா இனம் ஒன்று உருவாகிறது. வெட்டப்பட்ட சிறகு குஞ்சுக்குச் செல்வதில்லை. பிறவியில் வந்த வேறுபாடே செல்கிறது. சோம்பலுக்கு இதில் இடமே இல்லை. ஓர் இரவில் சில மைல் தொலைவு நடந்து மலைச்சரிவுகளில் ஏறி இறங்கும் பறவையைச் சோம்பேறி என்று நான் கூறியது பெரும்பிழை.

நியூசீலந்தின் நிலப்பகுதி ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து தனித்து விலகியது. பின்னர் நெடுங்காலம் அங்கு வௌவால்களைத் தவிரப் பாலூட்டும் நிலவிலங்கு எதுவும் வாழவில்லை என்றே கூறலாம். பூனை இல்லை, நரி இல்லை, கீரி இல்லை, எலிகூட இல்லை. பிற நாடுகளில் விலங்குகள் செய்யும் தொழில்களை அங்குப் பறவைகளே மேற்கொண்டன. மான்போல் மேய்வதற்கு மோவா என்னும் பெரும்பறவைகள் இருந்தன. இரவில் மண்ணைத் துளைத்துப் புழு தேடும் கிவி இருந்தது. இரவில் இலை தழைகளைத் தின்று வாழும் முயலின் இடத்தைக் காகாபோ பெற்றது எனலாம். அதன் உணவு முழுவதும் தாவரமே. இலையை முற்றிலும் பறித்துத் தின்னாது. செடியில் இருக்கும்போதே அலகால் அரைத்துச் சாற்றை உறிஞ்சிவிட்டு நாரை மட்டும் சுருணையாக விட்டுவிடும். விடிந்தபின் செடிகளில் தொங்கும் அச்சக்கைகளைக் கண்டே, ‘இரவு இவ்வழியாகக் காகாபோ சென்றுள்ளது’ என்று ஆராய்ச்சியாளர் அறிவர்.

பகைவர் அறவே இல்லை என்று எண்ணலாகாது. பகைவர் வானில் இருந்தனர். உலகில் வாழ்ந்த கழுகுகளுள் மிகப் பெரியதாகிய ஹாஸ்ட் கழுகு அந்நாட்டில்தான் இருந்தது. அதன் சிறகுகளை விரித்தால் அகலம் 3 மீட்டரை நெருங்கும். பருந்தினமும் இருந்தது. இவை யாவும் பகலில் பறப்பவை. கண்ணால் கண்டு இரையைப் பிடிப்பவை. கண்ணால் வேட்டையாடும் பகைவனிடமிருந்து தப்புவதற்கு வழிகள் எவை? பகலில் வெளியே வராதிருத்தல் ஒன்று. பாசியின் நிறத்தில் உடல் அமைதல் மற்றொன்று. ஆபத்து நெருங்கினால் ஓடாமல், அசையாமல் அப்படியே நின்றுவிடுதல் மூன்றாவது. ஓடும் பொருள் கண்ணில் படும். பாசிநிறப் பறவை பாசியின் நடுவே கல்போல் நின்றால் கழுகின் கூரிய கண்ணும் ஏமாறும். காகாபோவின் ஒவ்வொரு வழக்கமும் அது அறிந்த பகைவனுக்கு ஏற்ற விடையாகவே அமைந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. இப்பறவையின் உடலிலிருந்து ஓர் இனிய மணம் வீசும். தேனையும் பழைய மரப்பெட்டியையும் நினைவூட்டும் மணம் அது. இரவில் ஒன்றையொன்று அறிந்துகொள்வதற்கு இது துணைபுரியும் போலும். கழுகு மோப்பம் பிடித்து வேட்டையாடுவதில்லை. ஆகவே இம்மணத்தால் எக்கேடும் விளையவில்லை. இச்செய்தியை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, இப்பறவையின் இல்வாழ்க்கையைக் காண்போம். நான் படித்தறிந்த உயிரின வரலாறுகளுள் இதனினும் விந்தையானவை சிலவே. காகாபோ ஆண்டுதோறும் இனப்பெருக்கம் செய்வதில்லை. ரிமு என்னும் ஊசியிலை மரம் இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறையே மிகுதியாகக் காய்க்கும். அவ்வாறு காய்க்கும் ஆண்டில்தான் இப்பறவைகள் இணைசேரும். பழம் மிகாத ஆண்டில் குஞ்சு பொரித்தால் அதற்கு ஊட்ட உணவில்லை. மரத்தின் ஆண்டுக்கணக்கைப் பறவை எவ்வாறு அறிகிறது என்பதை அறிஞர் இன்னும் ஆராய்ந்து வருகின்றனர். கிளை நுனிகளில் அரும்பும் காய்களை முன்கூட்டியே எண்ணி, ‘இது குஞ்சு பொரிக்கும் ஆண்டு’ என்று கணிப்பதும் இன்று அங்குள்ள பணியாளரின் கடமைகளுள் ஒன்று.

அத்தகைய ஆண்டின் கோடையில் (அங்குக் கோடை என்பது நமக்கு மார்கழி, தை மாதங்கள்) ஆண் பறவைகள் மலைமுகடுகளுக்கு ஏறிச் செல்லும். அங்கு ஒவ்வோர் ஆணும் தரையில் கிண்ணம்போன்ற குழிகளைத் தோண்டும். பாறைச் சுவரின் அருகிலோ அடிமரத்தின் அருகிலோ இடத்தைத் தேர்ந்தெடுக்கும். ஒலி எதிரொலித்துப் பரவுவதற்கு அவ்விடமே ஏற்றது. குழிக்குக் குழி நடைபாதை அமைக்கும். பாதையில் ஒரு சருகு விழுந்தாலும் அலகால் எடுத்து அப்பால் எறியும். பின்னர், குழியில் அமர்ந்து மார்பில் உள்ள காற்றுப் பைகளைப் பந்துபோல் ஊதிப் பெருக்கி, ‘பூம்... பூம்...’ என்று ஒலிக்கத் தொடங்கும். தொலைவில் பெருமுரசு அதிர்வதுபோன்ற அவ்வோசை, நொடிக்கு நூறு அதிர்வுகளுக்கும் குறைந்த தாழ்ந்த ஒலி. தாழ்ந்த ஒலி மரங்களாலும் மேடுகளாலும் எளிதில் தடைபடாது. எனவே அது 5 கிலோமீட்டர் வரையிலும் செல்லக் கூடும். ஆனால் தாழ்ந்த ஒலிக்கு ஒரு குறை உண்டு: அது எத்திசையிலிருந்து வருகிறது என்று செவியால் அறிதல் அரிது. இக்குறையையும் பறவை நீக்கிக்கொள்கிறது. இருபது முப்பது முறை முழங்கியபின் ‘சிங்’ என்று உயர்ந்த குரலில் ஒருமுறை ஒலிக்கும். முழக்கம், ‘இங்கே ஒருவன் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். சிங்கொலி, ‘இதோ இவ்விடம்’ என்று காட்டும். இயற்பியல் பயிலும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

ஓர் இரவில் ஆயிரக்கணக்கான முறை, எட்டு மணி நேரம் வரையில், இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து ஆண் பறவை இவ்வாறு முழங்கும். அதனால் பெரிதும் இளைத்துப் போகும். பெண் பறவை நெடுந்தொலைவு நடந்து வந்து, முழங்கும் ஆண்களுள் தனக்கு உகந்ததைத் தேர்ந்தெடுத்து இணைசேர்ந்து, தன் இடத்திற்குத் திரும்பி விடும். அத்துடன் ஆணின் பங்கு முடிந்தது. ஒன்று முதல் நான்கு வரையிலான முட்டைகளை இட்டு, ஏறத்தாழ முப்பது நாள் அடைகாத்து, குஞ்சுகளைப் பத்து வாரங்கள் கூட்டில் வளர்த்து, அதன் பின்னரும் பல மாதங்கள் உணவூட்டுவது தாய் ஒன்றே. கூடோ மரவேர்களின் இடுக்கிலும் தரைப் பொந்திலும் அமைந்தது. இரை தேடுவதற்காக அவள் இரவில் பல மணி நேரம் கூட்டை விட்டுச் செல்லவேண்டும். அந்நேரம் முழுவதும் குஞ்சுகள் காவலின்றிக் கிடக்கும்.

இந்த ஏற்பாடு மிக நெடுங்காலம் குறைவின்றி நடந்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி முதல் மனிதர்கள் படகேறி நியூசீலந்திற்கு வந்தனர். அவர்களோடு நாயும் பசிபிக் எலியும் வந்தன. மாவோரி மக்கள் காகாபோவை உணவுக்காகப் பிடித்தனர். அதன் இறகுகளால் தலைவர்களுக்குரிய போர்வைகள் செய்தனர். எலி முட்டையையும் குஞ்சையும் தின்றது. ஆயினும் மலைக்காடுகளில் பறவைகள் மிகுதியாகவே எஞ்சியிருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் மேற்குக் கரைக் காடுகளில் அளவைப் பணி செய்த சார்லி டக்ளஸ் என்பவர், நிலவொளியில் புதர்ச்செடியை உலுக்கினால் பழம் உதிர்வதுபோல் இப்பறவைகள் உதிரும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்து ஐரோப்பியர் குடியேறினர். அவர்கள் வேட்டைக்கும் உணவுக்குமாக முயலைக் கொண்டு வந்தனர். முயல் பெருகி ஆட்டு மந்தைகளின் புல்லைத் தின்று தீர்த்தது. முயலை ஒழிக்க 1880-களில் ஸ்டோட் என்னும் விலங்கை அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றோடு கொண்டுவந்து காட்டில் விட்டனர். ஸ்டோட் நம் கீரியைப்போல் நீண்டு மெலிந்த உடல் கொண்டது, நீர்நாயின் உறவினம், மரம் ஏறும், நீந்தும், மோப்பத்தால் இரவிலும் பகலிலும் வேட்டையாடும். பறவையியல் அறிந்தோர் சிலர் இது வேண்டாம் என்று எச்சரித்தனர். முயலால் நட்டமடைந்தவர்களின் குரலே வென்றது.

இப்போது காகாபோவின் நிலை என்னவாயிற்று என்று பாருங்கள். கழுகை ஏமாற்றிய பச்சை நிறம், மோப்பம் பிடிக்கும் விலங்கை ஏமாற்றவில்லை. இருளில் மறைந்திருப்பதால் பயனில்லை; பகைவனும் இருளில் வருகிறான். அசையாமல் நிற்பது பகைவனுக்கு எளிதாயிற்று. தேன்மணம், ‘இங்கே இருக்கிறேன்’ என்று பறைசாற்றியது. பறவை ஒன்றும் மறந்துவிடவில்லை. தன் முன்னோர் செய்ததையே பிழையின்றிச் செய்தது. அதனை அறிவற்ற பறவை என்று எழுதியவர் பலர். கேள்வித்தாளை மாற்றிவிட்டுப் பழைய பாடத்தை நன்கு படித்த மாணவனை மூடன் என்று திட்டுவதை இது ஒக்கும். நாற்பது தலைமுறை அவகாசம் கொடுத்திருந்தால்கூடப் போதாது. இதற்குக் கிடைத்ததோ ஓரிரு தலைமுறை.

அழிவைக் கண்ணெதிரே கண்டவர் ஒருவர் ரிச்சர்டு ஹென்றி. அயர்லாந்தில் பிறந்தவர், டி ஆனாவ் ஏரிக்கரையில் பல ஆண்டுகள் வாழ்ந்து, முறையான கல்லூரிக் கல்வி இன்றியே காகாபோவை நுணுகிக் கற்றவர். இப்பறவை சில ஆண்டுகளில் மட்டுமே இனப்பெருக்கம் செய்கிறது என்பதை அன்றே கண்டறிந்தவர் அவர். தென்மேற்குக் கடற்கரையை அடுத்த ரெசொலூஷன் தீவு பறவைகளின் புகலிடமாக ஒதுக்கப்பட்டபோது, 1894-ஆம் ஆண்டில் அதன் காவலராக அமர்த்தப்பட்டார். ஓயாத மழையும் கடுங்குளிரும் உள்ள இடம் அது. ஒரு சிறு படகு. வாயில் மூடியும் கழுத்தில் மணியும் கட்டப்பட்ட ஒரு நாய். இவற்றின் துணைகொண்டு பெருநிலத்துக் காடுகளில் காகாபோவையும் கிவியையும் தேடிப் பிடித்துக் கூடைகளில் வைத்து, படகை வலித்து, தீவுகளில் கொண்டுபோய் விட்டார். இவ்வாறு நூற்றுக்கணக்கான பறவைகளைக் குடியேற்றினார். உலகில் இம்முறையை முதன்முதலாகக் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர்.

1900-ஆம் ஆண்டில், அவ்வழியே வந்த கப்பலில் இருந்த சுற்றுலாப் பயணிகள் தீவின் கரையில் ஒரு பறவையைத் துரத்திய சிறு விலங்கைக் கண்டதாகக் கூறினர். ஹென்றி நம்ப மறுத்தார். பல மாதங்கள் பொறிகள் வைத்துத் தேடினார். இறுதியில் தாமே ஒரு ஸ்டோட்டைக் கண்டார். அகலம் குறைந்த கடற்காலை அது நீந்திக் கடந்து வந்துவிட்டது. அவர் உடனே அத்தீவை விட்டு ஓடிவிடவில்லை. 1908 வரை அங்கிருந்தார். அந்த எட்டு ஆண்டுகளை நினைக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. தாம் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்த பறவைகள் மறைவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முறை தவறன்று. தீவு கரைக்கு மிக அருகில் இருந்ததுதான் குறை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில், காகாபோ மறைந்தே போயிற்றோ என்னும் ஐயம் எழுந்தது. 1970-களில் அரசின் வனவிலங்குத் துறையினர் பியோர்டுலாந்து என்னும் செங்குத்தான மலைப்பள்ளத்தாக்குகளில் தேடி, 1977-ஆம் ஆண்டிற்குள் 18 பறவைகளைக் கண்டுபிடித்தனர். அவை யாவும் ஆண்கள். வருடந்தோறும் மலைமுகடுகளில் ஏறி முழங்கிக்கொண்டிருந்தன. கேட்பதற்குப் பெண் ஒன்றும் இல்லை. அதே 1977-ஆம் ஆண்டில் தெற்கே உள்ள ஸ்டூவர்ட் தீவில் நூற்றுக்கு மேற்பட்ட பறவைகள் வாழும் இடம் தெரியவந்தது. 1980-இல் அங்குப் பெண் பறவையும் காணப்பட்டது. அத்தீவில் ஸ்டோட் இல்லை. ஆனால் காட்டுப் பூனை இருந்தது. கண்காணிப்பில் இருந்த முதிர்ந்த பறவைகளுள் பாதிக்கு மேற்பட்டவற்றை ஓராண்டில் பூனைகள் கொன்றன. ஆகவே, ஹென்றி செய்ததையே மீண்டும் செய்தனர். இம்முறை வேறு தீவுகளைத் தேர்ந்தெடுத்தனர். லிட்டில் பாரியர் தீவு, மாடு தீவு (இது நம் மாடன்று, ஆங்கிலப் பெண் பெயர்), வெனுவா ஹோ எனப்படும் காட்பிஷ் தீவு முதலிய இடங்களுக்குப் பறவைகள் கொண்டு செல்லப்பட்டன. அவ்வளவு செய்தும் 1995-ஆம் ஆண்டில் உலகில் இருந்தவை 51 மட்டுமே.

அதன் பின்னர் நடந்த பணியில் ஒரு நிகழ்ச்சியை விரித்துரைக்க விரும்புகிறேன். பெண் பறவைகள் உடல் வலுப்பெற்று அடிக்கடி முட்டையிட வேண்டும் என்று கருதிப் பணியாளர்கள் அவற்றிற்கு நல்லுணவைத் தட்டில் வைத்து ஊட்டினர். தாய்கள் கொழுத்தன, ஆனால் பிறந்த குஞ்சுகளுள் ஆண்களே மிகுந்தன. ஏற்கெனவே பெண்களின் பஞ்சம். அதில் இது வேறு! காரணத்தை ஆராய்ந்தபோது, 1973-இல் இரு அறிஞர்கள் வெளியிட்டிருந்த கொள்கை ஒன்று வழிகாட்டிற்று. சில ஆண்கள் மட்டுமே பல பெண்களோடு இணைசேரும் இனங்களில், வலுவுள்ள தாய்க்கு மகனே ஆதாயம். வலுவான மகன் பல குஞ்சுகளுக்குத் தந்தையாவான். மெலிந்த தாய்க்கு மகளே பாதுகாப்பு. மெலிந்த மகளும் சில முட்டையேனும் இடுவாள். அப்படியானால், பறவைகளுக்கு ஊட்டிய நல்லுணவே ஆண்களைப் பெருக்கிற்று. உடனே ஒவ்வொரு பெண்ணையும் நிறுத்து, எடைக்கு ஏற்ப உணவை அளந்து கொடுத்தனர்: முட்டையிடுவதற்குப் போதும், கொழுப்பதற்குப் போதாது. 2002-ஆம் ஆண்டில் 24 குஞ்சுகள் வளர்ந்தன. ஆண் மிகுதி மறைந்தது. என் ஆசிரிய வாழ்வில் ஊட்டி ஊட்டிக் கெடுத்த பிள்ளைகள் சிலரை நினைத்துக்கொண்டேன். அது வேறு கதை.

வெனுவா ஹோ தீவில் எலிகள் 1998-இல் முற்றிலும் ஒழிக்கப்பட்டன. அதற்கு முன்னும் பின்னும் பணியாளர்கள் ஒவ்வொரு கூட்டின் அருகிலும் கூடாரமிட்டு இரவெல்லாம் விழித்திருந்தனர். தாய் இரைதேடப் புறப்பட்டதும், முட்டைகள் குளிர்ந்து போகாதவாறு சிறிய மின்கம்பளத்தை அவற்றின் மேல் போர்த்தி, அவள் திரும்பும் ஓசை கேட்டதும் எடுத்துவிடுவர். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பெயர் உண்டு. முதுகில் ஒரு சிறு வானொலிக் கருவி உண்டு. வெனுவா ஹோ தீவோடு தொன்றுதொட்ட உரிமையுள்ள ங்காய் தாகு என்னும் மாவோரிக் குடியினர் இப்பணியில் அரசோடு இணைந்து நிற்கின்றனர்.

பியோர்டுலாந்தின் 18 ஆண்களுள் பிள்ளை பெற்று மரபைத் தொடரச் செய்தது ஒன்றே. 1975-இல் பிடிபட்ட அதற்கு ‘ரிச்சர்டு ஹென்றி’ என்றே பெயரிட்டனர். 1998-ஆம் ஆண்டில் மாடு தீவில் பிளாசி என்னும் பெண் பறவையின் வழியாக அதற்கு மூன்று குஞ்சுகள் பிறந்தன. மற்ற காகாபோக்கள் யாவும் ஸ்டூவர்ட் தீவின் வழிவந்தவை, நெருங்கிய உறவினர். நெருங்கிய உறவில் பிறந்த முட்டைகளுள் பல கருவுறாமல் போகின்றன. எனவே, பெருநிலத்தின் குருதியைத் தாங்கிய அம்மூன்று குஞ்சுகளும் இனத்திற்குக் கிடைத்த பெருஞ்செல்வம். முதிய ரிச்சர்டு ஹென்றி 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தது. ஸ்டூவர்ட் தீவுப் பறவைகளைப் பற்றியும் நல்ல செய்தி ஒன்று உண்டு. அவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாகச் சிறு கூட்டமாகத் தனித்திருந்ததால், தீய மரபுக்கூறுகள் பல காலப்போக்கில் கழிந்துபோயின என்று 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று.

2019-ஆம் ஆண்டில் ரிமு மரங்கள் பெருமளவில் காய்த்தன. எழுபதுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வளர்ந்தன. அதே ஆண்டில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோய் பரவி 9 பறவைகள் மாண்டன. 2022-இல் எண்ணிக்கை 252 ஆயிற்று. அடுத்த ஆண்டுகளில் சற்றுக் குறைந்தது. ரிமு மீண்டும் காய்க்கும் வரையில் இறப்பு உண்டு, பிறப்பு இல்லை.

தீவுகளில் இடம் குறைந்துகொண்டே வருகிறது. ஆதலால் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் நான்கு ஆண் பறவைகளை வட தீவில் உள்ள மாங்கடாட்டாரி மலைக்காட்டில் விட்டனர். பெருநிலத்தில் காகாபோ நடமாடி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 3,400 ஹெக்டேர் பரப்புள்ள அக்காட்டைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்திற்கு வேலி ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். ஸ்டோட்டும் பூனையும் எலியும் ஏறவோ துளைக்கவோ முடியாத வேலி அது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராதபடி அதனை நன்கு சிந்தித்தே அமைத்திருந்தனர். உள்ளிருந்து ஒன்று வெளியே செல்லும் என்பது பின்னரே தெரிந்தது. அங்கு விடப்பட்ட பறவைகளுள் ஒன்று வேலியைக் கடந்து வெளியே போய்விட்டது. பறக்கத் தெரியாவிட்டால் என்ன? ஏறத் தெரியும், ஏறியபின் சிறகை விரித்துக் குதிக்கவும் தெரியும். முதுகில் இருந்த கருவியைக் கொண்டு அதனைத் தேடிப் பிடித்து, மீண்டும் தெற்கே தீவிற்கு அனுப்பி வைத்தனர். அதன்பின் வேலியோரத்து மரக்கிளைகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டு வெட்டும் வேலை தொடங்கிற்று.